ஆற்றுப்படையும் மிதிவண்டிச் செலவும்

பசித்தவனுக்கு வழி காட்டுதல் வேறு. வயிறு நிறைந்தவனுக்கு வழி காட்டுதல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைப் பழந்தமிழ்ப் பாட்டொன்றைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலி நாட்டிற்குச் செல்லும் மேல்நாட்டார் ஓய்வு நாட்களில் மேற்கொள்ளும் செலவு வகை ஒன்று உண்டு. சிலர் ஒரு குழுவாய்க் கூடி மிதிவண்டிகளில் புறப்படுவர். வழியறிந்த தலைவன் ஒருவன் முன்னே செல்வான். மூட்டை முடிச்சுக்களை மோட்டார் வண்டியொன்று சுமந்து வரும். பிளாரன்சு, சியெனா என்னும் நகரங்களுக்கு இடைப்பட்ட கியாந்திக் குன்றுகளில், திராட்சைத் தோட்டங்களினூடே, வெண்புழுதிச் சாலைகளில் ஏறியும் இறங்கியும் இவர்கள் செல்வர். திராட்சரசத்திற்குப் பெயர்பெற்ற அந்நிலத்தின் எல்லையை 1716இல் தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ என்னும் கோமகன் வரையறுத்து ஆணையிட்டனன். வடக்கே பார்மா நகர்ப்புறத்தில், உப்பொன்றே சேர்த்துப் பல மாதம் உலர்த்திய பன்றித் தொடையிறைச்சியும், 12 மாதத்திற்குக் குறையாது முதிரவிட்ட பாலடைக்கட்டியும் கிடைக்கும். மோடெனாவில், திராட்சைச் சாற்றைக் காய்ச்சி 12 ஆண்டேனும் மரப்பீப்பாய்களில் வைத்தெடுத்த கரிய காடியைத் துளித்துளியாகச் சுவைக்கக் கொடுப்பர். உழவர் தம் மனைகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கும் வழக்கத்தை ஒழுங்குசெய்ய 1985இல் அந்நாட்டிற் சட்டமும் இயற்றப்பட்டது.

இன்ன ஊரிற் சென்றால் இன்ன உணவு பெறலாம் என்று அடைவே சொல்லிச் செல்லும் இம்முறையை நோக்குங்கால், தமிழ் பயில்வோர்க்கு ஆற்றுப்படை நினைவிற்கு வருதல் இயல்பே. ஆறு என்பது வழி; ஆற்றுப்படுத்தல் வழியிற் செலுத்துதல். வள்ளலொருவனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்பட்ட வறிய கலைஞனை நோக்கி, தான் பெற்ற பெருவளத்தைக் கூறி, அவனும் ஆண்டுச் சென்று பயன்பெறுமாறு வழிகாட்டுவதே இதன் இலக்கணம். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் இவ்வகையின.

இவற்றுள் பெரும்பாணாற்றுப்படை தொண்டைநாட்டார்க்கு உரிமையுடைய நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் 500 அடிகளால் இதனை இயற்றினார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஆந்திர எல்லையை அடுத்துத் தறியோசை கேட்கும் பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி, அரக்கோணம் வழியாகக் காஞ்சிக்கு மிதிவண்டியில் ஒரு பகலிற் சென்றுவிடலாம். முருகன் குன்றுதோறாடும் இடங்களுள் திருத்தணியையும் சேர்த்துக் கூறுவது மரபாதலின், திருமுருகாற்றுப்படை பயில்வார்க்கும் அவ்வழி அயலானதன்று.

இனி, பெரும்பாணன் பெறும் உணவுகளை முறையே காண்பாம். வறண்ட நிலத்தில் எயிற்றியர் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுத்து, முற்றத்து உரலிற் குற்றி, உவர்நீர் உலையேற்றிச் சமைத்த சோற்றை உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் இடுவர். எயினரது அரணில், ஈந்தின் விதையையொத்த செந்நெற் சோறும், நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலும் கிடைக்கும். கோவலர் குடியிருப்பில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். மருத நிலத்தில் வெண்ணெற் சோறும் கோழி வாட்டும், ஆலைக் கரும்பின் சாறும். அந்தணர் மனையில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். ஒவ்வொரு நிலத்தாரும் தத்தம் நிலம் தருவதையே இடுகின்றனர். தம்மிடம் இல்லாததை எங்கிருந்தோ வருவித்து இடுவார் ஒருவருமில்லை.

வலைஞர் குடியில் கள் ஆக்கும் முறையையும் புலவர் விளக்குகின்றார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலிட்டு ஆறவைத்து, நெல்முளையை இடித்த மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து முதிரச்செய்வர். முளைத்த தானியத்திலுள்ள ஒரு பொருள் மாவை இனிப்பாக்க, அவ்வினிப்பு புளித்து மதுவாகும் என்பது இன்றைய அறிவியல் கூறும் காரணம். இத்தாலியர் பழச்சாற்றிற் செய்வதை இவர் தானியத்திற் செய்தனர் என்க.

நூலில் உள்ளதை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. உள்ளதாலேயே புகழ்தலும் வேண்டா. மதுவினாற் குடிகெட்ட இல்லங்களும் இந்நாட்டிற் பலவாம். அதுபற்றியே சென்னை மாகாணத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குத் தொடங்கியது. மறு ஆண்டில், திருத்தணிப் பகுதியை அந்நாளில் தன்னகத்துக் கொண்டிருந்த சித்தூர் மாவட்டத்திற்கும் அது விரிந்தது. அப்பகுதி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

இந்நூலைப் பாடமாகப் பயின்ற மாணவர் ஐவர், சென்ற விடுமுறையில், பொதட்டூர்பேட்டையிலிருந்து காஞ்சி வரை மிதிவண்டியிற் சென்று மீண்டோம். எம்முள் ஒருவன் அவ்வூர் நெசவாளர் குடும்பத்தினன். வழியறிந்தவனாதலின் அவனே முன்சென்றான். அரக்கோணத்தில் உணவு விடுதியொன்றில் யாம் நால்வரும் வயிறார உண்டோம். அவனோ தேநீர் மட்டும் பருகி, அன்று தனக்கு நோன்பு என்றான். காஞ்சியில் மிளகும் சீரகமும் சுக்கும் கலந்த இட்டலியை யாம் விலைகொடுத்து உண்டபோதும் இரண்டு வாழைப்பழத்தோடு அமைந்தான். அவன் பக்தியை யாம் வியந்து பேசினோமேயன்றி வேறொன்றும் நினைந்திலேம். இளந்திரையன் விருந்தூட்டிய நகரம் இதுவன்றோ என்று நூலைப் பிரித்துவைத்து நெடுநேரம் உரையாடினோம்.

மறுநாள் மாலை அவன் இல்லத்தை அடைந்தோம். அவன் தாயார் எம்மை உட்காரவைத்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடையலும் இட்டார். தறி சில வாரமாக ஓடாமையால் மகன் கையிற் பொருள் கொடுத்தனுப்ப இயலவில்லை என்றும், வழியில் என்ன உண்டானோ என்றும் அவ்வம்மையார் எங்களிடமே கேட்டார். அவன் தலை கவிழ்ந்தான். நோன்பு யாதென்று அப்போதுதான் எமக்கு விளங்கியது.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் அடுக்களையொன்று உண்டு. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். உப்பில்லாமையினும் அந்நாணமே கொடிது. அப்பகுதியைத் தேர்வின்பொருட்டுப் பன்முறை படித்தவரே யாம். ஆயினும் எம்மோடு உடன்வந்தவன் அடைத்துவைத்த கதவை யாம் கண்டிலேம். அவன் இசைவு பெற்றே இதனை ஈண்டு எழுதுகின்றோம்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் பெரும்பாணாற்றுப்படையை மீண்டும் படித்தபோது, முன்பு உணவுப் பட்டியலாகத் தோன்றியது வேறாகத் தோன்றிற்று. இத்தாலியச் செலவில் முன்னமே பொருள் செலுத்தியவர்க்கு வழிகாட்டப்படுகின்றது. அது குற்றமன்று, உழைத்தவன் ஓய்வுகொள்ளலாம், உழவனும் அதனால் ஊதியம் பெறுவான். ஆற்றுப்படையிலோ வழிகாட்டப்படுபவனிடம் கொடுக்க யாதும் இல்லை. இங்கே பசித்திரு, அங்கே உண் என்று பாணன் கூறவில்லை. ஒவ்வொரு நிலத்திலும் உன் சுற்றத்தோடு பெறுவாய் என்று உறுதி கூறுகின்றான். புல்லரிசி கிளறும் எயிற்றி முதல் முடியுடை வேந்தன் வரை அவ்வுறுதியைக் காக்கின்றனர். இறுதியில் இளந்திரையன், பெற்ற மக்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தானே நின்று ஊட்டுகின்றான். வந்தவனுடைய வறுமையை வினவாமலே தீர்க்கும் அவ்விருந்தினைக் காஞ்சியில் தேடினோம். பொதட்டூர்பேட்டையில் ஒரு தறியின் அருகே, களி இட்ட கையிற் கண்டோம்.

ஆடிக் கிருத்திகையில் திருத்தணிக்குக் காவடி சுமந்து நடப்பார்க்கு நீர்மோரும் பானகமும் சோறும் இடுவோரிடத்தும் இவ்வறமே நின்று நிலவுகின்றது. அவர் வழிபாடு நமதன்றாயினும் அவர் அறம் நமக்கும் பாடமாதல் தக்கதே.

இடுவோர்க்கு அறம் உள்ளதுபோல் உண்போர்க்கும் உண்டு. தஸ்கனியில் திராட்சரசத்திற்குப் பெயர்பெற்ற மோந்தேபுல்சியானோ என்னும் குன்றூரைச் சேர்ந்த செல்வக் குடும்பத்தில் தோன்றியவர் இராபர்ட்டு தெ நொபிலி அடிகள். 1606இல் மதுரைக்கு வந்த அவர், தம் நாட்டு இறைச்சியையும் மதுவையும் துறந்து, இந்நாட்டுத் துறவியரைப் போல் சோறும் கீரையும் கொண்டார். தாம் விரும்பிய உணவைத் தேடி வந்தவரல்லர்; வந்த இடத்தார் உணவைத் தம் உணவாக ஏற்றவர். விருந்தாளிக்கு இலக்கணம் இதுவாம்.

எம்மாவூர்ச் சாலையில் சீடர் இருவர் ஆண்டவரோடு நெடுந்தொலைவு நடந்தும், வேதத்தின் பொருளை அவர் விளக்கக் கேட்டும், அவரை அறிந்திலர். அப்பத்தை அவர் பிட்டுக் கொடுத்தபோதே அறிந்தனர். யாமும் உடன்வந்த தோழனை வழியில் அறிந்திலேம். அவன் இல்லத்து உணவு எம் முன் வைக்கப்பட்டபோதே அறிந்தோம்.

ஆதலின், அடுத்த விடுமுறையில் மிதிவண்டியிற் புறப்படும் மாணவ நண்பர்காள், ஆற்றுப்படை ஒன்றை உடன்கொண்டு செல்வீராக. புறப்படுமுன் செலவுப் பொருளை ஒரே பையில் இட்டுப் பொதுவாக்குவீராக. யார் எவ்வளவு இட்டார் என்பதை எண்ணாதிருப்பீராக. அடுத்த செலவிற்கு யாம் ஐவரும் அவ்வாறே துணிந்துள்ளோம். வழிகாட்டியாக முன்செல்வோன் மீண்டும் அவனே.