தலா வருமானப் பட்டியல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மாநிலங்களின் தலா வருமான விவரத்தை ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் வெளியிட்டதும், எந்த மாநிலத்தார் உழைப்பாளிகள், எந்த மாநிலத்தார் சோம்பேறிகள் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டால் இப்படிப் பேச மனம் வராது.

நம்பிக்கை: தலா வருமானம் என்பது மக்கள் கைக்கு வரும் பணம்.

உண்மை: மாநில எல்லைக்குள் ஓராண்டில் உருவான நிகர மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பதே அது. லாபம் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், உற்பத்தியான மாநிலத்தின் கணக்கில்தான் சேரும். சிக்கிமின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 6.1 லட்சம். வரிச்சலுகையை நாடி வந்த மருந்து ஆலைகளும் தீஸ்தா நதியின் நீர்மின் நிலையங்களும் அங்கே உள்ளன. 2022-23இல் அதன் தலா வருமானம் தேசிய சராசரியைப் போல் சுமார் மூன்று மடங்கு. அதே ஆண்டின் நுகர்வுச் செலவு ஆய்விலோ, சிக்கிம் கிராமவாசியின் செலவு தேசிய கிராமப்புறச் சராசரியைப் போல் இரு மடங்குதான். கேரளத்தின் நிலை வேறு. வளைகுடாவிலிருந்து வந்து குடும்பங்களைத் தாங்கும் பணம் மாநில உற்பத்தியில் சேர்வதே இல்லை.

நம்பிக்கை: பீகாரின் தலா வருமானம் குறைவு, எனவே அங்குள்ளவர்கள் சரியாக உழைப்பதில்லை.

உண்மை: தலா வருமானம் கணக்கிடும்போது குழந்தைகளையும் முதியவர்களையும் சேர்த்தே வகுக்கிறார்கள். பீகாரில் குழந்தைகளின் பங்கு அதிகம். உற்பத்தித்திறனை அறிய வேண்டுமானால், வேலை செய்வோரின் எண்ணிக்கையால், இன்னும் சரியாக வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். அப்போதும் கிடைப்பது சுறுசுறுப்பின் அளவல்ல. திருப்பூரில் தைக்கும் பீகார் இளைஞரின் உழைப்பு தமிழ்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. அவர் ஊருக்கு அனுப்பும் பணம் பீகார் உற்பத்தியில் சேராது. ஊரில் துண்டு நிலத்தில் பாடுபட்டவரும் அவரே. இயந்திரமும் மின்சாரமும் ஏற்றுமதி ஆர்டரும் சேர்ந்ததும் அதே கைகளின் உழைப்புக்கு மதிப்பு உயர்ந்துவிடுகிறது.

நம்பிக்கை: 'நிலையான விலை'க் கணக்கில் மாநிலங்களை நேரடியாக ஒப்பிடலாம்.

உண்மை: அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறும் விலையை மட்டுமே கழிக்கிறது. வாடகையிலும் கூலியிலும் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு கணக்கில் அப்படியே இருக்கும்.

நம்பிக்கை: ரூபாய்க் கணக்கில் துல்லியமாகத் தருவதால் தரவரிசையும் துல்லியமானது.

உண்மை: 2021இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011 எண்ணிக்கையிலிருந்து கணித்த மக்கள்தொகையால்தான் வகுக்கிறார்கள். ரயில்வே போலப் பல மாநிலங்களில் பரவிய துறைகளின் மதிப்பைச் சில குறியீடுகளை வைத்துப் பங்கிடுகிறார்கள். முதல் மதிப்பீடுகள் பின்னர் திருத்தப்படுவதும் வழக்கம். ஓரிரு இட முன்பின் மாற்றத்துக்குப் பெரிய பொருள் இல்லை.

மாநிலங்களுக்கிடையே உள்ள இடைவெளி மெய்யானது, பெரியது. அது எங்கே ஆலையும் சாலையும் பள்ளியும் மின்சாரமும் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. அந்த எண்ணைக் காட்டி அரசுகளைக் கேள்வி கேளுங்கள். உழைக்கும் மக்களை இழிவுபடுத்த அதை எடுக்காதீர்கள்.