பழைய பிக்-அப்பும் கூடுதல் பட்டையும்

கொல்லயிலில் வாழைக்குலை ஏற்றிப் பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் என் பழைய மகிந்திரா பிக்-அப்பின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. "அண்ணாச்சி, பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடப் போடுங்க" என்றார் மெக்கானிக். போட்டேன். பாரத்தோடு வண்டி நிமிர்ந்து நின்றது. ஆனால் வெறும் வண்டியாகத் திரும்புகையில், மழை நனைத்த வளைவில் பின்சக்கரங்கள் துள்ளி வழுக்கின. அருகில் என் மகன் இருந்தான். தெய்வாதீனமாகத் தப்பினோம். அதன்பின் நான் கற்ற பாடத்தை, பழைய வண்டி வைத்துப் பிழைக்கும் அன்பர்களுக்காக எழுதுகிறேன்.

வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த இவ்வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் ஸ்பிரிங் பட்டைதான். பாரத்தைத் தாங்குவது பட்டை; பட்டையின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஷாக்கை மாற்றினால் தாழ்ந்த வண்டி உயராது; பட்டையைக் கூட்டினால் குலுக்கம் அடங்காது.

சிறு கணக்கு ஒன்று. ஒரே அளவான ஆறு பட்டைகளோடு ஏழாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். எண்ணிக்கையை மாற்றாமல், எல்லாப் பட்டைகளின் கனத்தையும் 6 மில்லிமீட்டரிலிருந்து 7 ஆக்கினாலோ விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். கனத்தின் மூன்றாம் படியாக அது ஏறுவதே காரணம்: 216-க்கு 343. ஆகவே கையில் கிடைத்த தடித்த பட்டையைச் செருகக் கூடாது.

முதலில் சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்தி இருபக்க உயரத்தையும் அளக்கவும். பட்டையில் விரிசல், புஷ், ஷேக்கிள் தேய்மானம், சென்டர் போல்ட், யூ போல்ட் ஆகியவற்றைப் பார்க்கவும். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் இணையாக மாற்றவும். வளைவு இழந்த பட்டைக்கு வளைவு ஏற்றலாம். விரிசல் விட்டதை மாற்றியே ஆகவேண்டும். இவ்வளவும் செய்தபின், எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டிக்கு மட்டுமே கூடுதல் பட்டையைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் அச்சும் பிரேக்கும் டயரும் பழையவையே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் அன்றே உணர்த்தினார். நான் அந்தக் கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டு, பழையவற்றுக்கு வளைவு ஏற்றி, புஷ்ஷும் ஷாக்கும் புதிதாக மாட்டினேன். குலைகள் இப்போது இரண்டு நடையாகப் போகின்றன.