முதலில் பதிவேடு, பிறகு அருங்காட்சியகம்

கோவையில் ஒரு சிறிய மரபு அறக்கட்டளையின் வேலைகளில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். நிரந்தரமாக ஓர் அருங்காட்சிக் கூடம், அதை ஒட்டி அவ்வப்போது கண்காட்சி வைக்க ஒரு அறை, ஆண்டுக்கு ஒன்றிரண்டு புத்தகங்கள். எங்கள் வேலை இவ்வளவுதான். ஆண்டறிக்கையை முடித்துக் கொடுத்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். “எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாமுங்களா?” என்று பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் கோபியிலிருந்தும் நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டடம், கண்ணாடிப் பேழை, திறப்பு விழா எல்லாம் பிறகு. முதல் செலவும் முதல் உழைப்பும் பதிவேட்டுக்குத்தான். எங்கிருந்து வந்தது, யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்ற விவரம் இல்லாத பொருள் எவ்வளவு பழையதானாலும் ஊமைப் பொருள்தான்.

வெள்ளலூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1842இல் அங்கே கிடைத்த பானையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் பேரரசர்கள் வெளியிட்டவை. யாரோ பொறுமையாக எண்ணி, அரசர் வாரியாகப் பிரித்து எழுதி வைத்ததால்தான் இன்று அந்தப் புதையலை வைத்துக் கொங்கு வணிகத்தின் காலத்தைப் பேச முடிகிறது. கரூர் அமராவதி ஆற்றுமணலைச் சலித்து எடுத்துக் கைமாறிப் போன காசுகளும் அரியவைதான். ஆனால் எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தன என்று அவற்றால் சொல்ல முடியாது. அதே கொங்கில், நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் அடுக்கடுக்காகத் தோண்டிக் குறித்து வைத்தார்கள். அதனால்தான் அங்கே மணி செய்யும் பட்டறையும் இரும்பு உருக்கும் உலையும் தமிழி எழுத்துள்ள பானை ஓடுகளும் ஒரே ஊரின் கதையாகச் சேர்கின்றன.

பதிவேட்டை எப்படி வைப்பது?

பக்க எண் அச்சிட்ட, கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று போதும். அழியாத மையில் எழுதுங்கள். பொருள் உள்ளே வந்த அன்றே ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். ஆண்டு, அதன்பின் வரிசை எண் என்ற முறை எளிது; குழப்பம் வராது. அளவு, எடை, செய்த பொருள், இப்போதைய நிலை, கொடுத்தவர், வைத்திருக்கும் இடம் ஆகியவை கட்டாயம். நாலு பக்கமும் புகைப்படம் எடுங்கள். பிறகு கணினியில் ஏற்றுங்கள். நோட்டின் ஒரு பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

எண்ணைப் பொருளின் மேல் இடுவதற்கும் முறை உண்டு. தாளாக இருந்தால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். துணி என்றால் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி ஓரத்தில் நாலு தையல் போட வேண்டும். உலோகத்திலும் மரத்திலும் கண்ணில் படாத இடத்தில் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதி, மறுபடி ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஸ்டிக்கரும் செலோடேப்பும் கூடவே கூடாது. அந்தப் பசை சில ஆண்டுகளில் பழுத்துப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும்.

பொருளோடு பேச்சையும் வாங்குங்கள்

காங்கேயம் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அட்டாலியில் தானியம் அளக்கும் வள்ளம் ஒன்று இருந்தது. நாலு படி பிடிக்கும். இரும்புத் தகட்டில் செய்து, வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை அடித்தது. ஒரு பக்கம் குடும்பத்தின் முதலெழுத்துகளை உளியால் கொத்தியிருந்தார்கள். அடியில் முத்திரையும் இருந்தது. “இதைப் போயி எதுக்குங்கண்ணு கேக்கறீங்க? தவிடு அள்ளிப் போடத்தான் வெச்சிருக்கறேன்” என்றார் அந்த வீட்டு ஆத்தா. நாங்கள் ஆசாரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தோம். “எங்க மாமனாரு களத்துல அளக்கறப்ப ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாருங்க. ‘லாபம்’னு சொல்லித்தான் முதல் வள்ளத்தைச் சாய்ப்பாரு. அப்புறந்தான் ரெண்டு, மூணு” என்றார். கம்பும் சோளமும் எத்தனை வள்ளம் விளைந்தன, யார் யாருக்குக் களத்திலேயே கூலி அளந்தார்கள், மெட்ரிக் அளவு வந்தபின் வள்ளம் எப்படி அட்டாலிக்கு ஏறியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் இரும்புப் பாத்திரம். பேச்சோடு சேர்ந்தால் ஒரு வட்டாரத்தின் வேளாண்மையும் கூலி முறையும் நம்பிக்கையும் அதில் தெரியும். அதனால் ஐந்து கேள்விகளை எப்போதும் கேட்கச் சொல்வேன்: யாருடையது? யார் செய்தது? எங்கே வைத்திருந்தார்கள்? எப்படிப் பயன்படுத்தினார்கள்? எப்போது, ஏன் நிறுத்தினார்கள்? அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதியையும் ஊரையும் சொல்லிவிடுங்கள்.

நன்கொடையை எழுத்தில் வாங்குவதும் முக்கியம். வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரிந்தே பொருள் வரவேண்டும். குடும்பத்துக்கு உயிரான பொருளைக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். பட்டயமோ செப்பேடோ அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நல்ல படம் எடுத்துக்கொண்டு, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த மரியாதைதான் அடுத்த வீட்டுக் கதவைத் திறக்கும்.

சட்டம் தெரிந்திருக்க வேண்டும்

மண்ணுக்குள் கிடைத்ததை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டு கடந்தவற்றையும், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளாக இருந்தால் 75 ஆண்டு கடந்தவற்றையும் தொல்பொருள் என்கிறது. சிற்பம், ஓவியம், ஓவியமுள்ள சுவடி போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு செய்தாக வேண்டும். புலிக்குத்திக் கல்லும் நடுகல்லும் நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். அவற்றுக்கு ஊர்தான் அருங்காட்சியகம். நம் வேலை படம் எடுப்பது, படியெடுப்பது, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுப்பது, ஊராருக்கு எடுத்துச் சொல்வது.

ஓலை, துணி, தாள்

ஓலைச்சுவடி வந்தால் முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். எழுத்தாணியால் கீறிய ஓலைதானா, மேலே மையால் எழுதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீறியதாக இருந்தால் மட்டும் பஞ்சில் மிகக் குறைவாக எலுமிச்சம்புல் எண்ணெய் தொட்டு, எழுத்து ஓடும் திசையிலேயே தடவலாம். ஓலை நெகிழும், பூச்சியும் அண்டாது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் தொடக் கூடாதவை. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கையால் பிரிக்க முயலாமல் பழகியவரிடம் கொண்டுபோங்கள். கயிற்றை இறுக்காமல் இரண்டு மரச் சட்டங்களுக்கு இடையே வைத்து, வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றுங்கள். பக்கத்தில் ஒரு சிறு முடிப்பில் வசம்பு வைப்பது நம் பெரியவர்கள் காட்டிய வழி.

பவானி ஜமுக்காளத்தையோ பழைய கோராப் பட்டுச் சேலையையோ மடித்து வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும். துவைத்த காடாத் துணி சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள். துணிக்கும் தாளுக்கும் விளக்கொளி 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது. ஜன்னல் வெயில் நேராகப் படவே கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று தூசியையும் ஈரத்தையும் கொண்டுவரும். அதற்கு முன்பே கதவிடுக்குகளை அடைத்து, அலமாரிகளை ஒருமுறை முழுக்க இறக்கிப் பார்த்துவிட வேண்டும். பழைய புகைப்படங்களையும் பத்திரங்களையும் லேமினேட் செய்வது அவற்றைக் கொல்வதற்குச் சமம். இரும்புக் குண்டூசியையும் ஸ்டேப்ளர் ஊசியையும் எடுத்துவிடுங்கள்; துரு தாளைத் தின்றுவிடும்.

கண்காட்சி: ஒரு கேள்வி, ஒரு கூடம்

கையில் இருப்பதையெல்லாம் பரப்பி வைத்தால் பார்ப்பவர் மனதில் எதுவும் தங்காது. ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரே கேள்வி போதும். ‘இந்த ஊர் எப்படி ஆலை நகரம் ஆனது?’ என்று கேட்டால் பொருள்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும். கரிசல் மண்ணும் பருத்தியும் முதலில் வரும். அடுத்து 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பெருகிய ஆலைகள். 1956இல் பிறந்த சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்தை நடத்திய கஸ்தூரி சீனிவாசன் பெயரில் அவினாசி சாலையில் ஒரு கலைக்கூடமும் இருக்கிறது. தறியும் ஓவியமும் ஒரே மனிதரின் வாழ்வில் சேர்ந்திருந்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலாளிகளின் படங்களோடு நின்றுவிட்டால் கதை பாதிதான். ஆலைச் சங்கு கேட்டு எழுந்த குடும்பங்களும், 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் நால்வரும் அதே சுவரில் இடம்பெற வேண்டும். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் வந்து அந்தச் சுவரின் முன் நிற்கும்போது, கூட்டி வந்த பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே வழிகாட்டி ஆகிவிடுகிறார்கள்.

விளக்க அட்டை அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும். தமிழ் முதலில், பெரிய எழுத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கண்மட்டத்தில். ஒரு மூலையில் நோட்டும் பேனாவும் வையுங்கள். பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதட்டும். கதிர், பாபின், ஊடை என்று தொழிலில் பழகியவர்கள் எழுதிப் போகும் விவரம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதையும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

பெரிய நிறுவனங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு வித்திட்டது எச்.ஏ. காஸ் என்ற வன அதிகாரியின் சேகரிப்பு ஆர்வம்தான். ஜி.டி. நாயுடுவின் பெயரில் இருக்கும் காட்சிக்கூடங்களும் ஒரு மனிதரின் தீராத ஆர்வத்திலிருந்து வளர்ந்தவையே.

புத்தகம்: கூடத்தை விட நீண்ட ஆயுள்

கண்காட்சி சில வாரங்களில் கலைந்துவிடும். புத்தகம்தான் நிற்கும். திருச்செங்கோடு முத்துசாமிக் கோனார் 1920களில் கொங்கு மண்டல சதகத்தை அச்சேற்றினார். கோவைகிழார் என்ற சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் கொங்கு நாட்டின் வரலாற்றை எழுதினார். புலவர் செ. இராசு வீடு வீடாகச் சென்று தேடிய பட்டயங்களும் ஓலைகளும் 1991இல் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக ‘கொங்கு நாட்டு சமுதாய ஆவணங்கள்’ என்று வந்தன. மூல ஏடுகளில் சில இன்று எங்கே என்று தேட வேண்டியிருந்தாலும் அச்சில் வந்த பாடம் நம் கையில் இருக்கிறது.

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் அருகே உடுக்கையடிப் பாட்டுக்காரர்கள் பாடக் கேட்டு அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். 1992இல்தான் அது தமிழும் ஆங்கிலமுமாக இரு தொகுதிகளாக வந்தது. இடையில் 27 ஆண்டுகள். நாடா பத்திரமாக இருந்ததால் புத்தகம் வந்தது. இன்று பதிவு செய்வதை இந்த ஆண்டே வெளியிட முடியாவிட்டாலும் பரவாயில்லை. பதிவு செய்யாமல் விட்டால்தான் ஈடுகட்ட முடியாத இழப்பு.

நடைமுறையில் சில குறிப்புகள். எழுத்தாளர் மறைந்து அறுபது ஆண்டு ஆகும்வரை காப்புரிமை இருக்கும். குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்டுடைமையான நூல் என்றால் அந்தத் தடை இல்லை. இருமுறை மெய்ப்பு பாருங்கள்; இரண்டாம் முறை அந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் பார்க்கட்டும், ஊர்ப்பெயர்கள் பிழையின்றி வரும். பின்னால் ஊர்ப்பெயர், ஆள்பெயர் அகராதி இல்லாத மரபு நூல் ஆய்வாளருக்குப் பயன்படாது. ஐநூறு பிரதிக்குள் அச்சிட்டுத் தேவைக்கேற்ப மறுபடி போடுங்கள். கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சட்டப்படி அனுப்ப வேண்டிய பிரதிகளை உடனே அனுப்பிவிடுங்கள். கோவைப் புத்தகத் திருவிழாவையும் ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவையும் மனதில் வைத்து அச்சுத் தேதியைக் குறித்தால், நூல் சேர வேண்டியவர்களிடம் நேராகப் போய்ச் சேரும்.

பணமும் ஆளும்

நன்கொடையாளர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கும் விழாவுக்கும் கொடுக்க முன்வருவார்கள். அலமாரிக்கும், அமிலமில்லாத தாளுக்கும், பதிவேடு எழுதும் இளைஞரின் சம்பளத்துக்கும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண் இடுவதிலும் சுவடியைத் தொடுவதிலும் பயிற்சி கொடுத்த பிறகே கையில் பொருளைக் கொடுங்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பொருளுக்கு விவரம் முழுமையானது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் உண்மையான வளர்ச்சி.

எல்லாரும் அறக்கட்டளை தொடங்க வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டு அட்டாலியை ஒழிக்கும்போது பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் ஒரு படம் எடுங்கள். அப்புச்சியையும் அமுச்சியையும் உட்கார வைத்து அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். பதிலை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். சொல்ல வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.