ஓடுவதற்கு முன் நிற்பது

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதன் எஞ்சின் முழக்கத்தையே மனத்துக்குள் கேட்டுக்கொண்டு விலை பேசுகிறார்கள். ஆனால் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த வண்டி ஒன்றை நண்பர்களின் துணையால் மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, அந்த முழக்கம் கடைசியில் கேட்கவேண்டியது என்பதே. நிறுத்தும் சக்தி முதலில், திருப்பும் சக்தி அடுத்து, ஓடும் சக்தி அதற்கும் பின்னால். இந்தக் கிரமம் தப்பினால் பணம் விரயமாவதோடு பிராணனுக்கும் அபாயம்.

பாலக்காட்டில் உள்ள எங்கள் கல்பாத்திக்கு வந்து சேர்ந்தது, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் தயாரித்த இரண்டு கதவு ஹெரால்டு. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று அழைப்பதைச் சிலர் ஆட்சேபிக்கலாம். ஆயினும் 1959-இல் இங்கிலாந்தின் டிரையம்ப் கம்பெனி வெளியிட்டு, 1961 முதல் நம் நாட்டிலும் உற்பத்தியான அந்த வண்டியின் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற பிரசித்தி பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டுக்கும் உருவம் வகுத்தவர் மிச்செலோட்டி என்ற ஒரே இத்தாலியர். உலக யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்ததைக் கண்டவர்கள் எங்கள் அக்ரஹாரத்துத் திண்ணைகளில் இன்றும் உண்டு.

இத்தகைய வண்டியை வாங்கப் போகிறவர், மேற்பூச்சின் பளபளப்பை விட்டுவிட்டு அடிச்சட்டத்தைப் பார்க்கவேண்டும். ஹெரால்டின் உடல், தனித்தனித் தகடுகளாகச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. ஆதலால் துருப்பிடித்த கதவையோ மட்கார்டையோ மாற்றிவிடலாம், சட்டம் உளுத்திருந்தால் அது வேறு கதை. ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும் பின்பெட்டியின் அடிப்பாகத்தையும் குத்திப் பாருங்கள். இரும்பு உள்வாங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

இரும்புக்கு அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்கவேண்டும். எல்லையிலுள்ள வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வண்டி வருமானால், அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று கைக்கு வருமுன் முழுப்பணத்தையும் கொடுக்கலாகாது. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு ‘வி.ஏ.’ என்ற தனிப்பதிவை ஏற்படுத்தியது. இருபதாயிரம் ரூபாய் கட்டணத்தில் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும் அந்தப் பதிவு கௌரவமானதுதான். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்ற காரியங்களுக்கே அவ்வண்டியை வெளியே எடுக்கலாம். நித்தியமும் ஓட்ட விரும்புகிறவர் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது உசிதம்.

வேலையைப் பங்கிடும்போது, அன்புள்ளவர்கள் எல்லோரும் எல்லாவற்றையும் தொடுவது என்ற வழக்கத்தை நாங்கள் முதலிலேயே விலக்கினோம். ரயில்வேயில் லோகோ ஷெட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஒலவக்கோட்டில் வசிக்கும் பெரியவர் பிரேக்கை ஏற்றார்; கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பால்ய சிநேகிதர் உலோக வேலையை ஏற்றார்; அடுத்த வீட்டு எலக்ட்ரீஷியன் பையன் ஒயரிங்கை எடுத்துக்கொண்டான். ஒருவர் முடித்ததை மற்றொருவர் பரிசோதித்த பிறகே அடுத்த வேலை தொடங்கும். நானோ எஞ்சினைச் சீக்கிரம் கிளப்பிப் பார்க்கவேண்டும் என்று பறந்தபோது பெரியவர், “ஓடறது கெடக்கட்டும் ஓய், முதல்லே நிக்கறதான்னு பாரும்” என்றார். நீரை உறிஞ்சிக் கெட்டுப்போன பிரேக் திரவத்தைக் கொட்டி, சக்கர சிலிண்டர்களைப் பிரித்து, வெடித்த ரப்பர் ஹோஸ்களை மாற்றும்வரை அவர் எங்களை எஞ்சின் பக்கமே அண்டவிடவில்லை.

திருப்பும் சக்திக்கு வருவோம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அவசியம் அறியவேண்டிய சூட்சுமம் ஒன்று இங்கேதான் உள்ளது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே டிரனியன் என்ற வெண்கலத் துண்டின் மரைக்குள் அமர்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள்ளேயே சுழல்கிறது. கிரீஸ் கன்னைக் கண்ட இடத்தில் எல்லாம் அழுத்தும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இந்த இடத்துக்கோ 90-ஆம் நம்பர் கியர் ஆயில்தான் வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் கெட்டியாகி நின்றுவிட, உள்ளே நீர் புகுந்து தண்டு அரிக்கப்பட்டு, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். எங்கள் வண்டியில் அரித்துப்போயிருந்த டிரனியன்களுக்குப் பதிலாக லேத் சிநேகிதர் அளவெடுத்துப் புதியவற்றைக் கடைந்து தந்தார்; சில்லறைச் சாமான்களுக்கு கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகள் கைகொடுத்தன.

இத்தனைக்கும் பிறகே 948 சி.சி. எஞ்சின். முன்புறம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிச் சாய்வதால் டயரின்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். இறுகிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுழற்ற முயல்வது பிஸ்டன் வளையங்களை முறிக்கும் வழி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துவாரங்களில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சிறிது சிறிதாக அசைக்கவேண்டும். அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும் என்பதை அறியாமல் இக்கால வழக்கப்படி மாட்டினால் சேதம் உண்டாகும். எங்கள் எலக்ட்ரீஷியன் பையன் அதை நிச்சயித்துக்கொள்ளாமல் ஒரு ஒயரையும் தொடவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றுபோனதால், சிலிண்டர் ஹெட் கழற்றிய சமயத்திலேயே கடினமான வால்வு ஸீட்டுகளைப் பொருத்திவிடுவது நல்லது. இப்போது எத்தனால் இருபது சதவீதம் கலந்து வருவதால் பழைய பெட்ரோல் குழாய்களையும் தயவு தாட்சண்யமின்றி மாற்றவேண்டும்.

ஊரின் பருவத்தையும் அனுசரிக்கவேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் பெயின்ட் அடித்தால் ஈரக்காற்றில் மேற்பரப்பு வெளுத்துப்போகும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றோ புழுதியைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டிவிடும். காற்றுத் தணிந்த மாசியில், நாற்புறமும் அடைத்த கொட்டகைக்குள் அந்தக் காரியத்தை முடித்தோம். ஐப்பசிக் கடைசியில் எங்கள் ஊர்க் கோயில் விசுவநாதசுவாமியின் தேர் வரும் வீதியில் கழற்றிப் போட்ட வண்டிக்கு இடமில்லை. ஆகவே எந்த நிலையிலும் நான்கு சக்கரமும் மாட்டி நாலு பேர் தள்ளக்கூடியபடி வைத்திருந்தோம். ரதோத்ஸவம் இல்லாத ஊர்க்காரர்களுக்கும் இந்த நியமம் பயன்படும். நகர்த்தமுடியாத வண்டிதான் மூலையிலே கிடந்து மறுபடியும் அனாதையாகிறது.

முதலில் மலம்புழை வரை, பிறகு கோயம்புத்தூர் வரை என்று தூரத்தைப் படிப்படியாகக் கூட்டி, பிரேக்கில் முழு நம்பிக்கை பிறந்தபின்தான் உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாற்று மலை ஏறினோம். ஹெரால்டின் பின்சக்கரங்கள் அச்சோடு சேர்ந்து ஊசலாடும் அமைப்புடையவை; வளைவில் வேகமாக நுழைந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பாகம் எழும்பி, சக்கரங்கள் உள்மடிந்து, வால் வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்து, உள்ளே சீராக மிதித்துப் போவதே விதி. இறங்கும்போது பிரேக் மிதி சற்றே அதிகமாக அமுங்குவதாகப் பெரியவருக்குத் தோன்ற, மறையூரிலேயே வண்டியை நிறுத்தி, டிரம்களின் சூடு ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தோம். ஒருவரும் எதிர்வாதம் செய்யவில்லை.

நண்பர்களின் சகாயத்தை நாடுகிறவர்களுக்கு என் கடைசி யோசனை இதுதான்: கூலி வாங்காதவர்களுக்கும் சாமான் செலவைத் தேதி போட்டு எழுதி அன்றன்றே தீர்த்துவிடுங்கள், யார் எந்த போல்ட்டை இறுக்கினார், யார் அதைச் சரிபார்த்தார் என்பதையும் அதே நோட்டில் குறியுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, “இன்று இந்த வண்டி வெளியே போகக்கூடாது” என்று சொல்லும் அதிகாரத்தை, உங்கள் ஆசையால் அசையாத ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுங்கள்.