இடம் பெயரும் மரபணுக்கள்

மாலை நான்கு மணி கடந்ததும் நம் வீட்டு வேலியோரத்தில் அந்திமந்தாரை இதழ் விரிக்கத் தொடங்கும். ஒரு செடியில் பூவெல்லாம் சிவப்பு. அடுத்த செடியில் பூவெல்லாம் மஞ்சள். சில செடிகளில் மட்டும் மஞ்சள் இதழின்மேல் சிவப்பைத் தெளித்தாற்போல் கோடுகளும் புள்ளிகளும் காணப்படும். ஒரே செடியில்கூட ஒரு பூவைப் போல் மற்றொரு பூ இராது. நாமோ அழகாயிருக்கிறது என்று சொல்லிப் பறித்துக்கொண்டு போய்விடுகிறோம். ஏன் இப்படி என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

இத்தகைய புள்ளிகளையே மக்காச்சோள மணிகளில் கண்டு, ஏன் என்று கேட்டு, விடை காணும்வரை ஓயாது உழைத்த ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் பார்பரா மெக்கிளின்டாக். அவர் கண்ட உண்மை யாது, அது தாவரங்களிலும் விலங்குகளிலும் நம்மிலும் எவ்வாறு விளங்குகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மணிமாலை என்ற எண்ணம்

பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கின்படி வருகின்றன என்பதை முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் கிரெகோர் மெண்டல் என்னும் கத்தோலிக்கத் துறவி. இன்றைய செக் நாட்டிலுள்ள புருனோ நகரில், தம் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதையுள்ள செடியையும் சுருங்கிய விதையுள்ள செடியையும் கலந்தபோது, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. அதாவது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். 1866இல் வெளியான அவருடைய கட்டுரையை அக்கால அறிஞர்கள் பெரிதாக எண்ணவில்லை. அவர் மறைந்து 16 ஆண்டுகள் கழித்து, 1900இல்தான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

அதன்பின் ஆராய்ச்சி விரைந்து வளர்ந்தது. இயல்புகளைக் கொண்டு செல்பவை மரபணுக்கள் என்றும், அவை உயிரணுவின் உட்கருவிலுள்ள குரோமோசோம்கள் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன என்றும் அறிந்தனர். மக்காச்சோளத்துக்கு 10 ஜோடி குரோமோசோம்கள். நமக்கு 23 ஜோடி. நூலில் கோத்த மணிகளைப் போல ஒவ்வொரு மரபணுவும் தன் இடத்தில் நிலையாக இருக்கிறது என்பதே 1940ஆம் ஆண்டுகளில் அறிஞர்களின் பொதுவான நம்பிக்கை.

கல்லூரி வாசல் வரை

மெக்கிளின்டாக் 1902ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். அவரைக் கல்லூரிக்கு அனுப்பத் தாயாருக்கு மனமில்லை. அதிகம் படித்த பெண்ணுக்கு மணமகன் அமைவது கடினம் என்ற கவலை அந்த அன்னைக்கு இருந்தது. இந்தக் கவலை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் பெற்றோர்கள் அறிவார்கள். தந்தையின் ஆதரவால் 1919இல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1927இல் முனைவர் பட்டம் பெற்றார். 1931இல் ஹேரியட் கிரெய்ட்டன் என்னும் மாணவியுடன் சேர்ந்து, மரபணுக்கள் கைமாறும்போது குரோமோசோம்களின் துண்டுகளே ஒன்றுக்கொன்று மாறிக்கொள்கின்றன என்பதை மக்காச்சோளத்தில் மெய்ப்பித்தார்.

அறிவுக்குக் குறைவில்லை, ஆனால் அக்காலத்தில் பெண்ணுக்கு நிலையான ஆராய்ச்சிப் பதவி எளிதில் கிட்டவில்லை. சில ஆண்டுகள் உதவித்தொகையைக் கொண்டே இடம் மாறி மாறிப் பணி செய்தார். 1941இல் நியூயார்க் மாநிலத்துக் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கேயே தம் வாழ்நாள் முழுவதும் தங்கினார்.

புள்ளிகள் சொன்ன செய்தி

கோடை தோறும் அவர் தாமே விதைத்து, நீர் பாய்ச்சி, செடி செடியாகக் கவனித்தார். கதிரின் நுனியில் தொங்கும் பட்டுப் போன்ற இழைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒவ்வோர் இழையும் ஒரு மணியோடு இணைந்தது. எந்தச் செடியின் மகரந்தம் எந்தக் கதிருக்குச் சேரவேண்டும் என்று தீர்மானித்து, காற்றில் வரும் வேறு மகரந்தம் படாதபடி காகிதப் பைகளால் மூடி, தம் கையாலேயே மகரந்தம் சேர்த்தார். அறுவடைக்குப்பின் மணிகளின் நிறத்தை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

சில கதிர்களில் நிறமற்ற மணியின்மேல் ஊதாப் புள்ளிகள் இருந்தன. சில புள்ளிகள் பெரியவை. சில ஊசி முனையளவே. இதற்கு அவர் கண்ட விளக்கம் இது. ஊதா நிறத்தை உண்டாக்கும் மரபணுவுக்குள் வேறொரு துண்டு வந்து புகுந்துகொள்கிறது. அதனால் அம்மரபணு வேலை செய்வதில்லை. மணி நிறமற்றுப் போகிறது. மணி வளரும்போது, ஏதோ ஓர் உயிரணுவில் அந்தத் துண்டு வெளியேறிவிடுகிறது. உடனே அவ்வுயிரணுவிலும் அதிலிருந்து பெருகும் உயிரணுக்களிலும் நிறம் மீள்கிறது. துண்டு தொடக்கத்திலேயே வெளியேறினால் புள்ளி பெரிது. பிந்தி வெளியேறினால் சிறிது. ஆகவே புள்ளியின் அளவே காலத்தைச் சொல்லும் கடிகாரமாகிறது.

அந்தத் துண்டுக்கு அவர் 'டி.எஸ்.' என்று பெயரிட்டார். அது தானாக நகராது. 'ஏ.சி.' என்னும் மற்றொரு துண்டு அதே உயிரணுவில் இருந்தால்தான் நகரும். ஏ.சி. தானும் நகரும், டி.எஸ்.ஐயும் நகர்த்தும். மணிமாலையில் சில மணிகள் நூலை விட்டு எழுந்து வேறிடத்தில் போய் அமர்கின்றன என்று இதற்குப் பொருள்!

முப்பத்திரண்டு ஆண்டுகள்

இவற்றை 1950இல் கட்டுரையாக வெளியிட்டார். 1951இல் அறிஞர் கூட்டத்தில் விரிவாக எடுத்துரைத்தார். கேட்டவர்களுள் பலருக்கு விளங்கவில்லை. சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. பேசியவர் முன்பின் அறியாத ஒருவரும் அல்லர். 1944இலேயே அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகவும், 1945இல் அந்நாட்டு மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அத்தகையவரின் சொல்லே ஏறவில்லை என்றால், நிலைத்துவிட்ட ஓர் எண்ணத்தின் வலிமையை நாம் என்னென்பது!

1953க்குப்பின் இவை பற்றி அவர் எழுதுவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் விதைப்பதையும், பார்ப்பதையும், குறித்துக்கொள்வதையும் அவர் நிறுத்தவில்லை. தம்மை ஏற்காதவரோடு பூசலும் இட்டுக்கொள்ளவில்லை. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பாக்டீரியாக்களில் இடம் பெயரும் துண்டுகள் காணப்பட்டன. பின்னர் பழ ஈக்களிலும் காணப்பட்டன. அப்போதுதான் அறிஞர்கள் அவருடைய பழைய கட்டுரைகளைத் தேடி எடுத்தனர். 1983இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, வேறு எவருடனும் பங்கின்றி, அவருக்கே வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 81. 1992 செப்டம்பர் 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

பட்டாணியிலும் அந்துப்பூச்சியிலும்

அவர் கண்ட கதவு வழியே பின்வந்தோர் வெகுதூரம் சென்றுள்ளனர். மெண்டலின் சுருங்கிய பட்டாணிக்குக் காரணம் என்ன? 1990இல் ஆராய்ந்து கண்டபோது, மாச்சத்தைக் கிளைகிளையாக உருவாக்கும் நொதியின் மரபணுவில் ஒரு துண்டு வந்து புகுந்திருந்தது. அது மெக்கிளின்டாக் கண்ட துண்டுகளின் குடும்பத்தை ஒத்தது. மாச்சத்து குறைவதால் விதையில் சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை நீரை இழுத்துக்கொள்கிறது. முற்றிக் காயும்போது நீர் வற்றித் தோல் சுருங்குகிறது. துறவியார் எண்ணிய 1,850 விதைகளுக்குள்ளும் அந்த விருந்தாளி ஒளிந்திருந்தது!

விலங்குலகிலும் ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இங்கிலாந்தில் வெண்ணிற இறகில் கரும்புள்ளியுள்ள அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் கரிய வகை 1848இல் மான்செஸ்டர் நகரில் குறிக்கப்பட்டது. ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. கறுத்த மரத்தில் வெளிறிய பூச்சி பறவைகளின் கண்ணுக்கு எளிதில் பட்டது. கரிய பூச்சி தப்பியது. 1895இல் அந்நகரில் 100க்கு 98 பூச்சிகள் கரியவை. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் காற்றில் கரி குறைந்தது. வெளிறிய வகை மீண்டும் பெருகியது. அந்தக் கருமை எங்கிருந்து வந்தது என்பது 2016இல் தெரிந்தது. ஏறத்தாழ 22,000 எழுத்து நீளமுள்ள ஓர் இடம் பெயரும் துண்டு, ஒரு மரபணுவுக்குள் புகுந்ததே காரணம். துண்டு புகுந்தது தற்செயல்; அதைப் பெருக்கியதும் குறைத்ததும் சூழ்நிலை. பரிணாமம் நடைபெறும் முறைக்கு இது தெளிவான பாடம்.

நமக்குள்ளும்

உயிரணுவிலுள்ள மரபுச் செய்தி முழுவதையும் மரபணுத்தொகுதி என்பர். 2009இல் மக்காச்சோளத்தின் 230 கோடி எழுத்துகளைப் படித்தபோது, 100க்கு ஏறத்தாழ 85 பங்கு இடம் பெயரும் துண்டுகளும் அவற்றின் எச்சங்களுமே என்று கண்டனர். மனிதரின் 300 கோடி எழுத்துகளில் ஏறக்குறையப் பாதி இத்தகையவை என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை இன்று அசைவற்றுக் கிடக்கின்றன.

இவை நன்மையா, தீமையா? இரண்டும் உண்டு. இத்தகைய துண்டு ஒன்று புகுந்ததால் இரத்தம் உறையாத நோய் சில குழந்தைகளுக்கு வந்ததை 1988இல் கண்டறிந்தனர். மறுபுறம், தாயின் வயிற்றில் சிசுவுக்கு ஊட்டமளிக்கும் நஞ்சு உருவாகத் தேவையான ஒரு புரதம், பல கோடி ஆண்டுகளுக்குமுன் நம் முன்னோர் உயிரினத்தின் மரபுக்குள் நுழைந்து தங்கிவிட்ட ஒரு வைரஸின் கொடை. அழையாமல் வந்தது, வீட்டுக்கு வேண்டியதாகிவிட்டது.

மாணவிகளே, அந்திமந்தாரைக்கு மீண்டும் வருவோம். அதன் மஞ்சள் இதழிலுள்ள சிவப்புத் தெறிப்புக்கும் இத்தகைய துண்டே காரணம் என்று அறிந்துள்ளனர். இன்று மாலை அச்செடியின் அருகே சற்று நில்லுங்கள். எந்தப் பூவில் கோடு அகலம், எந்தப் பூவில் புள்ளி சிறிது என்று பாருங்கள். ஒரு கிளை முழுவதும் சிவப்பாகவே பூத்திருந்தால், துண்டு எப்போது வெளியேறியிருக்கும் என்று சிந்தியுங்கள். அக்கிளையின் விதைகளைத் தனியே எடுத்து, தனித் தொட்டியில் விதைத்து, நாள் குறித்து எழுதி வையுங்கள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தோட்டத்தில் நின்றுகொண்டு "ஏனம்மா இது இப்படி?" என்று உங்கள் மகள் கேட்டால், வேலை கிடக்கிறது என்று உள்ளே அழைத்துவிடாதீர்கள். விடை தெரியாவிட்டாலும் சிறிது நேரம் அவளோடு நின்று பாருங்கள்.