கயல்விழிக்கு, பயிற்சியில் சேர்வது பற்றி

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கிளினிக்கிலிருந்து ஒருவரை ஆட்டிசம் கண்டறியும் பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள், உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், உனக்குத்தான் மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தாய். அது வளர்ச்சி நிபுணர்களின் வேலை, சளிக்கும் காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் பார்க்கும் டாக்டர் அதில் கை வைக்கலாமா என்பது உன் கேள்வி. சேர்ந்துவிடு என்பதே என் பதில். ஆனால் பெரியப்பா சொன்னார் என்பதற்காகச் சேராதே. உன் தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால் பயிற்சி உனக்கு முழுதாகப் பயன்படும்.

முதலில் காலக்கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையில், அவர்கள் கண்காணிக்கும் பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31-க்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாகவும், அது கண்டறியப்பட்ட வயதின் இடைநிலை 47 மாதம் என்றும் இருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு வயது. ஆனால் சான் டியாகோவில் கேரன் பியர்ஸ் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, தேர்ந்தவர்கள் செய்யும் கண்டறிதல் 14 மாத வயதிலிருந்தே பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது என்று காட்டியது. கண்டுபிடிக்கக்கூடிய வயதுக்கும் கண்டுபிடிக்கப்படும் வயதுக்கும் நடுவே இரண்டு ஆண்டுக்கு மேல் போகிறது. அதில் ஒரு பகுதி வரிசையில் காத்திருப்பதிலேயே கழிகிறது. நிபுணர்கள் குறைவு, இருப்பவர்களும் பெருநகரப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில். உன் மாநிலமான இந்தியானாவில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ என்ற முன்தலையீட்டுச் சேவை மூன்றாம் பிறந்தநாளோடு முடிந்து, பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. நான்கு வயதில் பெயர் தெரியவரும் குழந்தை அந்தக் கதவைத் தாண்டி வந்துவிட்ட குழந்தை.

நிபுணர் கைக்குப் போகாமல் நீங்களே சொன்னால் சரியாக இருக்குமா? உன் மாநிலத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. இந்தியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2012 முதல் முதல்நிலை மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஊர் ஊராக மதிப்பீட்டு மையங்களை நடத்திவருகிறது. அங்கே பார்க்கப்பட்ட 14 முதல் 48 மாதம் வரையிலான 126 குழந்தைகளை, முதல் முடிவு என்னவென்று தெரியாத நிபுணர்களிடம் மறுபடியும் காட்டினார்கள். 2023-ல் வெளியான முடிவுப்படி, நூற்றுக்கு 82 பேரில் இருவர் முடிவும் ஒத்துப்போனது. பலரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நீ இன்னும் ஒரு படி உள்ளே போ. பயிற்சி பெற்ற மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று சொன்ன குழந்தைகளில் நூற்றுக்கு 92-க்கு மேல் நிபுணரும் அதையே சொன்னார். ‘இல்லை’ என்று சொன்ன குழந்தைகளில் அந்த முடிவு நிலைத்தது நூற்றுக்கு 62 அளவில்தான். தவறவிடப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், மற்றவர்களைவிடத் திறன்கள் கூடிய குழந்தைகள். நாலு வார்த்தை பேசுவார்கள், புதிர்க்கட்டையைச் சரியாகப் பொருத்துவார்கள், பார்க்கும் டாக்டருக்கு மனம் நிம்மதியாகிவிடும். ஆய்வில் இருந்த குழந்தைகள் எல்லாருமே ஏற்கெனவே சந்தேகத்தின் பேரில் அனுப்பப்பட்டவர்கள் என்பதால், இந்த விகிதங்களை உன் கிளினிக்குக்கு வரும் எல்லாக் குழந்தைக்கும் அப்படியே பொருத்திவிடாதே. ஆனால் திசை தெளிவு. பயிற்சிக்குப் பின் உன் ‘ஆம்’ நம்பகமானது. அடக்கம் வேண்டியது உன் ‘இல்லை’யில். நீயோ தலைகீழாக, ‘ஆம்’ சொல்லத்தான் பயப்படுகிறாய்.

பயிற்சியில் என்ன கற்றுத்தருவார்கள் என்று கேட்டிருந்தாய். இத்தகைய பயிற்சிகளில் பரவலாகப் பயன்படுவது வெண்டி ஸ்டோன் உருவாக்கிய ‘ஸ்டாட்’ என்னும் முறை. பன்னிரண்டு சின்ன விளையாட்டுகள், இருபது நிமிடம். உள்ளே இருப்பது தெரியும்படியான, இறுக மூடிய டப்பாவில் தின்பண்டத்தைப் போட்டுக் குழந்தையிடம் கொடுப்பாய். திறக்க முடியாதபோது அது டப்பாவை உன்னிடம் நீட்டி உன் முகத்தைப் பார்க்கிறதா, அல்லது முகத்தின் பக்கமே திரும்பாமல் உன் கையை இழுத்து மூடிமேல் வைக்கிறதா? பலூனை ஊதிப் பறக்கவிட்டால், பலூனைப் பார்த்த கண் அம்மாவிடமும் போய் வருகிறதா? நீ மேசையைத் தட்டினால் தானும் தட்டுகிறதா? ஒரு விளையாட்டில் தவறினால் எதுவும் ஆகிவிடாது, அன்றைக்குத் தூக்கக் கலக்கமாகக்கூட இருக்கலாம். பன்னிரண்டும் சேர்ந்து என்ன காட்டுகிறது என்பதே கணக்கு. இந்த முறையை இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். முடிவெடுக்கும் பக்குவம் இரண்டு நாளில் வராது. அதனால்தான் மிசூரி பல்கலைக்கழகத்தில் 2015-ல் தொடங்கிய ‘எக்கோ ஆட்டிசம்’ திட்டத்தை நான் உயர்வாக நினைக்கிறேன். சஞ்சீவ் அரோரா 2003-ல் நியூ மெக்சிகோவில் கல்லீரல் அழற்சிக்காகத் தொடங்கிய முறையைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிராமத்து மருத்துவர் தன் நோயாளியின் விவரத்தை வீடியோ வழியாக முன்வைக்க, உளவியலாளரும் வளர்ச்சி நிபுணரும் ஆட்டிசக் குழந்தையின் பெற்றோர் ஒருவரும் சேர்ந்து அலசுகிறார்கள். உன் பயிற்சியிலும் பட்டறை முடிந்த பிறகு இப்படியொரு தொடர் வழிகாட்டல் உண்டா என்று முதலிலேயே விசாரி. இல்லையென்றால் அது அரைப் பயிற்சிதான்.

பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாள் இருக்கிறதே, அது போதாதா என்று உன் சக மருத்துவர் கேட்டதாக எழுதியிருந்தாய். ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் கிளினிக்குகளில் ஏறத்தாழ 26,000 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கச் சொல். பின்னாளில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்களில் நாற்பது சதவீதத்தைக்கூட அந்தக் கேள்வித்தாள் பிடிக்கவில்லை. அது பிடித்தவர்களில் பலருக்கு ஆட்டிசமும் இல்லை. அந்த எண்களைக் காட்டி, எல்லாமே வீண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. தாள் தவறவிடும் இடத்தில், குழந்தையோடு தரையில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். 2016-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு போதிய சான்று இல்லை என்று சொன்னதை எடுத்து நீட்டுவார்கள். அந்தக் கூற்று, யாருக்கும் எந்தக் கவலையும் எழாத குழந்தைகளைச் சலிப்பது பற்றியது. உன் அறைக்குக் கவலையோடு தூக்கிவரப்படும் குழந்தையைப் பற்றியது இல்லை. 2020-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிக்கையே, கண்டறியும் வரைமுறைகளில் பழக்கமுள்ள பொதுக் குழந்தை மருத்துவர் முடிவைச் சொல்லலாம் என்கிறது.

தவறான முத்திரை குத்திவிடுவோமோ என்ற பயம் இந்த ஆட்சேபங்களைவிடக் கனமானது. தவறாக ‘ஆம்’ சொல்லப்பட்ட வீட்டில் அந்தச் சொல் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும், மறுக்க மாட்டேன். அதற்காகத்தான் மூன்றாவது விடை ஒன்று உனக்கு இருக்கிறது: ‘எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, நிபுணரிடம் அனுப்புகிறேன்.’ தெளிவாகத் தெரியும் குழந்தைகளுக்கு நீ முடிவு சொல்லிவிட்டால், குழப்பமான குழந்தைகளுக்கு நிபுணரின் வரிசை குறுகும். பேசத் தெரிந்த, சூட்டிகையான, ஆனாலும் ஏதோ இடிக்கிற குழந்தையை ‘இல்லை’ பக்கம் போடாமல் இந்த மூன்றாவது பக்கம் போடு. ஆட்டிசத்தோடு வளர்ந்த பெரியவர்கள் பலர், சிறு வயதிலேயே பெயர் சூட்டிக் குழந்தையை ‘இயல்பாக்க’ முயல்வதைக் கண்டிக்கிறார்கள். அவர்கள் எழுதுவதையும் படி. உன் அறிக்கையில் குழந்தைக்கு எது வருகிறது என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு அவர்களைவிடச் சரியாகக் காரணம் சொல்பவர்கள் இல்லை.

கம்மின்ஸ் வேலைக்காகக் கொலம்பஸ் நகரத்தில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களும் உன்னிடம் வரக்கூடும். வீட்டில் தமிழ், டேகேரில் இங்கிலீஷ், அதனால்தான் பேச்சு வரவில்லை என்பார்கள். இரண்டு மொழியால் ஆட்டிசம் வருவதில்லை. விரல் நீட்டிக் காட்டுவதற்கும் பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதற்கும் மொழியே வேண்டாம். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லாதே. காது கேட்கும் சோதனைக்கு அன்றே எழுதிக்கொடு. ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ சேவைக்கு ஆட்டிசம் என்ற முடிவு தேவையில்லை, வளர்ச்சித் தாமதம் போதும். எனவே அந்தப் பரிந்துரையும் அன்றே போகட்டும். நடத்தைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனம் முடிவைக் கேட்கும். யார் கையெழுத்தை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், உங்கள் பில்லிங் பிரிவில் இப்போதே கேட்டு வை.

கடைசியாக நேரம். இருபது நிமிட அப்பாயின்ட்மென்டில் இந்த வேலை நடக்காது. விளையாட்டுக்கும் பெற்றோரிடம் பேசவும் அறிக்கை எழுதவும் சேர்த்து ஒரு காலைப்பொழுது வேண்டும். பயிற்சிக்குச் சரி சொல்லும் முன்பே, வாரத்தில் ஒரு காலையை இதற்கென்று ஒதுக்குவதாகக் கிளினிக் நிர்வாகியிடம் எழுத்தில் வாங்கிக்கொள். தர மறுத்தால் எனக்கு எழுது. அப்போது வேறு வழி யோசிப்போம்.

அன்புடன்,
பெரியப்பா