மே மாதத்தில் மூன்றடுக்கு கேக்

கல்யாண கேக்குக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஹால் மேனேஜரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஏ.சி.யை எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? மும்பையின் சின்ன ஹால்களில் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்கள். கேக்கோ இரண்டு மணி நேரம் முன்பே மேடையேறி நிற்கும்.

என் அக்கா மகளின் ரிசப்ஷன் மே மாதத்தில், மாட்டுங்காவில். நாங்கள் நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். கேக் வெட்டாத கல்யாணத்தை எங்கள் பெரியவர்கள் கல்யாணக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் சுத்த சைவம், முட்டை வாடையே ஆகாது. பொறுப்பைத் தூக்கி சித்தி தலையில் வைத்துவிட்டார்கள்.

பெரிய கடைகளில் விசாரித்தால் கிலோவுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். ஸ்டாண்டு வாடகை, டெலிவரி, அடுக்கி வைக்கும் கூலி எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வருகின்றன. கடைசியில் எங்கள் திலக் நகரிலேயே, வீட்டில் கேக் செய்யும் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் போனேன். அடுப்படிச் சுவரில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மாட்டியிருந்தது. வீட்டில் செய்பவர்களுக்கும் இது கட்டாயம், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மொபைலில் இருந்த படத்தைக் காட்டினேன். சுண்ணாம்பு பூசிய சுவர்போல வழவழவென்று, ஃபாண்டன்ட் போர்த்திய மூன்றடுக்கு.

"அக்கா, இதை ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்சா கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்தும். மழைக் காலம்னா கேக்கவே வேண்டாம்" என்றாள்.

ஃபாண்டன்ட் முழுக்கச் சர்க்கரை. மும்பைக் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். சரி, பட்டர் கிரீம்? வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், நம் மே மாத மத்தியானமும் ஏறக்குறைய அதே சூடுதான். உள்ளே சாக்லேட் கனாஷை இறுகப் பூசி, மேலே மெல்லிசாக ஃபாண்டன்ட் போட்டால் வடிவம் நிற்கும் என்றாள். கேக்கை ஃபிரிட்ஜில் வைக்காமல் ஏ.சி. அறையில் வைக்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. இப்படி முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்பவரிடம்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஆயிரும் மேடம்" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சாம்பிள் தந்தால் அங்கேயே தின்றுவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். பால் கிரீமா, தாவர எண்ணெயில் செய்த விப்பிங் கிரீமா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகை சூட்டைச் சற்றுத் தாங்கும், ஆனால் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும்.

சைவ வீட்டுக்கு 'எக்லெஸ்' என்று சொன்னால் மட்டும் போதாது. மார்ஷ்மெலோவிலும் சில ஃபாண்டன்ட் வகைகளிலும் ஜெலட்டின் இருக்கும். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையில்லாத ஸ்பாஞ்ச் எளிதில் உதிரும், பாரம் தாங்காது. ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே அட்டையும் உள்ளே தாங்கு குச்சிகளும் வைக்கச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியது இலங்கை வழக்கம். அங்கே மேடையில் நிற்கும் அடுக்கு பெரும்பாலும் அலங்காரம்தான். ரவை, முந்திரி, பூசணிப் பாகு, ரோஸ் வாட்டர் சேர்த்த ரிச் கேக்கைத் தனியே செய்து, துண்டு போட்டு, தாளில் சுற்றிக் குட்டிப் பெட்டியில் விருந்தாளி கையில் கொடுப்பார்கள். நாங்களும் கீழ் இரண்டு அடுக்கைத் தெர்மோகோலில் வைத்து, வெட்டுகிற மேலடுக்கை மட்டும் நிஜமாக்கினோம். பரிமாறுவதற்கு அலங்காரமில்லாத ஸ்லாப் கேக்கைச் சமையற்கட்டில் வெட்டினார்கள். ஆளுக்கு 50 கிராம் என்றால் 300 பேருக்கு 15 கிலோ. பஃபேயில் ஐஸ்கிரீமும் குலாப் ஜாமுனும் இருக்கும்போது அதில் பாதி போதும்.

அடுக்கிய கேக்கை அமர் மஹால் சந்திப்பையும் சயான் சர்க்கிளையும் தாண்டிக் கொண்டுபோக முடியாது. தனித்தனிப் பெட்டியில், ஏ.சி. காரின் சமதளமான இடத்தில் வைத்து, ஹாலுக்குப் போய்த்தான் அடுக்க வேண்டும். "மடியில வச்சுக்கிடுதேன்" என்று எந்த மாமா முன்வந்தாலும் விடாதீர்கள்.

நிஜப் பூ வைப்பதானால் தாதர் மார்க்கெட்டிலிருந்து அள்ளிவந்து அப்படியே செருகக் கூடாது. மருந்து அடித்த பூக்களாக இருக்கும். காம்பைச் சுற்றிக் கட்டித்தான் வைக்க வேண்டும். அரளி பக்கமே போகாதீர்கள், அது விஷம்.

ருசி, எடை, முட்டை உண்டா இல்லையா, வந்து சேரும் நேரம், யார் அடுக்குவது, ஸ்டாண்டை யார் திருப்பித் தருவது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஹாலில் கேக்கை வாங்கி வைக்கிற வேலையைப் பெண்ணின் அம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர் புடவை மாற்றிக்கொண்டிருப்பார்.